அறுகம்பே முகமூடிக் கடை: வாங்குவதற்கு முன் திருப்பிப் பாருங்கள்

இலங்கையின் கிழக்குக் கரையில் பொத்துவில்லில் இறங்கி, ஓட்டோக்காரரிடம் "முகமூடிக் கடை" என்று சொன்னால் போதும். பெயர்ப்பலகை கிடையாது, ஆனால் எல்லாருக்கும் தெரியும். அறுகம்பே பிரதான வீதியில், சேர்ஃப் போர்ட் வாடகைக்கு விடுகிற இடங்களுக்கும் ரொட்டிக் கடைகளுக்கும் நடுவில் தகரக் கூரை போட்ட இரண்டு அறைகள். முன்னறையில் கரையோரக் கடை எல்லாவற்றிலும் கிடைக்கிற சரக்குத்தான்: யானை அச்சடித்த காற்சட்டை, சிப்பி மாலை, தொப்பி. அதைத் தாண்டிப் பின்னறைக்குப் போங்கள். ஆபிரிக்கப் பொருட்கள் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன.

கடை நடத்துகிறவர் பல வருஷம் தன்சானியாவில், தார் எஸ் சலாமில் ஹொட்டல் வேலை செய்துவிட்டு ஊர் திரும்பிய ஒரு காக்கா, அதாவது முஸ்லிம் அண்ணன். அந்த நகரத்தில் மரச்சிற்பிகள் உட்கார்ந்து செதுக்கி விற்கிற முவெங்கே சந்தை இருக்கிறது. அங்கே பழகியவர்கள் வழியாகத்தான் இன்றைக்கும் சரக்கு வருகிறது. கானா, மாலி, நைஜீரியாப் பொருட்கள் அதே சந்தைக்கு வந்துபோகிற வியாபாரிகளிடம் வாங்கியவை.

நான் சித்திரப் பாடம் படிப்பிக்கிறவள். அப்பா மட்டக்களப்புப் படுவான்கரையில் கூத்துப் பழக்குகிற ஓர் அண்ணாவியார். கூத்தாடுகிறவர் தலையில் வைக்கிற முடியும் உடுக்கிற கரப்புடுப்பும் தொங்குகிற வீட்டில் வளர்ந்ததால், முகமூடியைக் கண்டால் முதலில் முன்பக்கத்தைப் பார்க்க மாட்டேன், திருப்பி உள்பக்கத்தைத்தான் பார்ப்பேன். உண்மையாகவே கட்டி ஆடின பொருளின் உள்பக்கம் வேறு மாதிரி இருக்கும். நெற்றியும் மூக்குத் தண்டும் கன்னமும் படுகிற இடம் வியர்வையில் கறுத்து வழுவழுப்பாகிவிடும். ஓரத்துத் துளைகளில் கயிறு இழுபட்ட தேய்மானம் தெரியும். ஆடாத பொருளில் உளி போன தடம் அப்படியே கரடுமுரடாக நிற்கும், சாயமும் எல்லா இடத்திலும் ஒரே அளவாக ஏறியிருக்கும். புகையில் கட்டி, மண்ணில் புதைத்து, புதிசைப் பழசாக்கி விற்பது உலகம் முழுக்க நடக்கிற வியாபாரம். அதனால் உள்பக்கம் காட்ட மறுக்கிற கடையில் எதையும் வாங்காதீர்கள்.

இங்கே நான் கேட்கும் முன்பே காக்கா தானாகக் கழற்றித் தந்தார். "இதெல்லாம் விக்கச் செஞ்சது டீச்சர். ஆடினது ஒண்டும் என்னட்ட இல்ல. அதச் சொல்லித்தான் விப்பன், மறுகா ஆக்கள் வந்து ஏசப்படாது." இந்தக் கடையைப் பற்றி எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியது இந்தப் பேச்சால்தான். நைஜீரியா, மாலி போன்ற நாடுகளில் தொல்பொருளை அனுமதி இல்லாமல் வெளியே கொண்டுபோவது சட்டப்படி குற்றம். ஓர் ஊரில் இன்னும் கும்பிடுகிற, இன்னும் ஆடுகிற ஒன்று அறுகம்பேச் சுவருக்கு வந்துவிட்டால் அந்த ஊரில் ஏதோ ஒன்று நின்றுபோய்விட்டது என்று அர்த்தம். விற்பதற்கென்று செதுக்கியதை அப்படியே சொல்லி விற்பதில் ஒரு குறையும் இல்லை. சிற்பிக்கும் சோறு வேண்டும்.

சுவரில் முதலில் கண்ணில் படுவது மாலி நாட்டு பமனா மக்களின் சி வாரா, நீண்ட கொம்புள்ள மான் உருவம். ஆணும் பெண்ணுமாகச் சோடியாக வைத்திருக்கிறார். பெண் மானின் முதுகில் ஒரு குட்டி நிற்கிறது. இது முகத்தில் கட்டுகிறதில்லை. கூடைபோல முடைந்த ஒரு தொப்பியில் தைத்து உச்சந்தலையில் வைப்பார்கள், உடம்பு முழுவதையும் நார் உடுப்பு மூடிவிடும். இளைஞர்கள் கையில் கோலூன்றிக் குனிந்து, மான் துள்ளுவதுபோல வயலிலே ஆடுவார்கள். மனிதருக்கு மண்ணைக் கொத்தி விதைக்கப் பழக்கியது அந்தச் சி வாராதான் என்பது அவர்கள் கதை, நன்றாகப் பாடுபடுகிற விவசாயியைப் பாராட்டவும் அதே ஆட்டம்தான். ஆகவே நீங்கள் வாங்கிப் போவது ஆடுகிறவரும் உடுப்பும் மேளமும் இல்லாத வெறும் முடியை. அது தெரிந்து வாங்கினால் சந்தோஷமாக வாங்கலாம். சோடியைப் பிரித்துத் தர மாட்டேன் என்று காக்கா சொல்வது மிகவும் சரி. ஒரு வெளிநாட்டுக்காரர் ஆண் மானை மட்டும் கேட்டு நின்றபோதும் அவர் கொடுக்கவில்லை.

அந்த அறையில் நான் அதிக நேரம் நின்றது ஒரு கறுப்பு முகமூடிக்கு முன்னால். சியரா லியோனின் மெண்டே மக்கள் செய்கிற சோவெய். தலை முழுவதும் உள்ளே போய்த் தோளில் வந்து அமர்கிற அளவு. அகன்ற நெற்றி, பாதி தாழ்ந்த கண், மூடிய சின்ன வாய், வரிவரியாகப் பின்னி உயர்த்திய கொண்டை. கழுத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக மடிப்பு வளையங்கள். அந்த வளையங்கள் செழிப்பான உடம்பின் அடையாளம் என்று சொல்வதுண்டு. நீருக்கு அடியில் இருந்து தெய்வம் எழும்பி வருகையில் கழுத்தைச் சுற்றி விரிகிற அலை என்றும் சொல்வதுண்டு. ஆடுகிறவர் கறுப்பு நார் உடுப்பால் உடம்பை மூடிக்கொள்வார், வாய் திறக்க மாட்டார். முகமூடியிலும் வாய் அத்தனை சிறிதாக இருப்பது பொருத்தம்தான்.

இதைச் செதுக்குவது ஆண்கள். அணிந்து ஆடுவது பெண்கள். ஆபிரிக்காவில் முகமூடி ஆட்டம் பெரும்பாலும் ஆண்களுடையது, பெண் முகத்தைக்கூட ஆண்தான் கட்டி ஆடுவான். பெண் பிள்ளைகளைப் பெரியவர்களாக ஏற்றுக்கொள்கிற சண்டே என்ற பெண்கள் சங்கத்தின் இந்த முகமூடி அதற்கு ஓர் அரிய விலக்காக நிற்கிறது. எங்கள் ஊர்க் கூத்துக் களரியிலும் திரௌபதையாகவும் சுபத்திரையாகவும் ஆடியது மீசை மழித்த ஆண்கள்தான். அப்பா இரவிரவாகக் கூத்துப் பழக்கும்போது திண்ணையில் இருந்து எல்லாக் கூத்துப் பாட்டையும் பாடமாக்கியவள் நான், சதங்கை கட்ட எனக்கு இடம் இருக்கவில்லை. இன்றைக்குக் கல்லடியில் பல்கலைக்கழகப் பெண் பிள்ளைகள் வடமோடிக் கூத்து ஆடுவதைப் பார்க்கிறபோது நெஞ்சு நிறைந்துபோகும். ஒரு பெண்ணின் தலைக்கென்றே உள்ளே குடைந்த மரத்தைக் கையில் தூக்கிப் பார்த்தபோது எனக்கு அந்தத் திண்ணைதான் ஞாபகம் வந்தது.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சண்டே சங்கத்தில் சேர்கிற சடங்கோடு பெண் பிள்ளைகளின் உறுப்பை வெட்டுகிற வழக்கமும் ஒட்டியிருக்கிறது. அதை நிறுத்தச் சொல்லி சியரா லியோன் பெண்களே போராடுகிறார்கள், வெட்டு இல்லாமல் மற்றச் சடங்குகளை மட்டும் நடத்துகிற முயற்சிகளும் அங்கே நடக்கின்றன. முகமூடியின் அழகைச் சொல்கிற எவரும் இதையும் சொல்லாமல் விடக்கூடாது என்பது என் எண்ணம். கடை அட்டையில் இது இல்லை. விலை 42,000 ரூபா. என் சம்பளத்துக்கு எட்டாது, வாங்கவில்லை.

இனிக் குறை. கொங்கோ ஆற்று முகத்துவாரப் பக்கம் வாழ்கிற கொங்கோ மக்களின் இன்கிசி உருவம் ஒன்று மூலையில் நிற்கிறது. ஒரு கை ஓங்கியபடி, மார்பிலும் வயிற்றிலும் ஆணிகளும் தகட்டுத் துண்டுகளுமாக. அதற்குத் தமிழ் அட்டையில் "பில்லி சூனியப் பொம்மை" என்று எழுதியிருந்தது. அப்படி இல்லை. அந்த மக்களிடையே இரண்டு பேருக்குள் வழக்கு வந்தால், அல்லது ஓர் உடன்படிக்கை செய்தால், இந்த உருவத்துக்கு முன்னால் வந்து சத்தியம் பண்ணி ஓர் ஆணி அடிப்பார்கள். வாக்கு மீறினவனை, களவெடுத்தவனை அந்தச் சக்தி தேடிப் பிடிக்கும் என்பது நம்பிக்கை. வயிற்றுப் பெட்டிக்குள் மூலிகை, கல்லறை மண் முதலானவற்றை வைத்துக் கண்ணாடியால் மூடியிருப்பார் அவர்களுடைய வைத்தியர். ஒவ்வோர் ஆணியும் ஊர் சாட்சியாகத் தீர்ந்த ஒரு வழக்கு. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்த மதகுருமாரும் படைகளும் இவற்றைப் பேய்ச் சிலை என்று பறித்தும் எரித்தும் போட்டார்கள். அப்போது கட்டின அந்தப் பழியைத்தான் இந்த அட்டை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறது. கண்ணகி அம்மன் முன்னால் கற்பூரம் கொளுத்திச் சத்தியம் பண்ணுகிற ஊரில் இருந்துகொண்டு நாம் அப்படி எழுதலாமா?

காக்காவிடம் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. "நீங்களே எழுதித் தாங்க டீச்சர், இப்பவே ஒட்டுறன்" என்று அட்டையும் பேனையும் எடுத்துத் தந்தார். எழுதிக் கொடுத்ததை ஒட்டினார். ஆனால் பக்கத்தில் இருக்கிற ஆங்கில அட்டை பழையபடி "வூடு (voodoo) பொம்மை", அதாவது சூனியப் பொம்மை என்றுதான் தொங்குகிறது. அந்தப் பெயரைப் பார்த்துத்தான் வெளிநாட்டுக்காரர் நிற்கிறார்கள் என்கிறார். எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. முகமூடி ஆடினதா இல்லையா என்பதில் அத்தனை நேர்மையாக நிற்கிறவர், ஒரு சமூகத்தின் நீதிமன்றத்தை விளையாட்டுச் சாமானாக்கி விற்கக்கூடாது. நீங்கள் போனால் நீங்களும் சொல்லுங்கள், நாலு பேர் சொன்னால் மாற்றுவார்.

மரச் சிற்பம் வாங்க நினைக்கிறவர்களுக்கு இந்தக் கடையின் பலம் மக்கொண்டே வேலைதான். மொசாம்பிக்கின் வடக்கிலும் தன்சானியாவின் தெற்கிலும் வாழ்கிற அந்தச் சிற்பிகள் ம்பிங்கோ என்கிற கறுப்பு மரத்தில் செதுக்குவார்கள். எங்கள் கருங்காலிபோலத் தெரியும், ஆனால் வேறு குடும்பம், ரோஸ்வூட்டுக்குச் சொந்தம். கிளாரினெட் வாத்தியம் செய்கிறதும் இந்த மரத்தில்தான். பார்த்து வாங்குவது எப்படி என்று காக்கா ஒரு தண்ணி வாளியை வைத்தே காட்டுகிறார். ம்பிங்கோவின் வைரக் கட்டை தண்ணீரை விடப் பாரம், போட்டவுடன் அடியில் போய் உட்கார்ந்துவிடும். சப்பாத்துப் பொலிஷ் பூசின மெல்லிய மரம் மிதக்கும். அவரே தன் சரக்கில் இருந்து ஒரு சின்னத் தலையை வாளிக்குள் விட்டார், டொக் என்று அடியில் தட்டியது. ஓரத்தில் மஞ்சள் வெள்ளையாக ஒரு கீற்று இருந்தால் பழுது என்று நினைக்காதீர்கள். அது பட்டைக்கு உள்ளே, வைரத்தைச் சுற்றி இருக்கிற இளங்கட்டை, அது தெரிவது நல்ல அடையாளம்.

பெரிய துண்டு ஒன்று இருக்கிறது, ஒரே கட்டையில் ஆள்மேல் ஆள் ஏறி ஒருவரையொருவர் தாங்கிப் பிடித்தபடி. உஜமா பாணி. ஒவ்வோர் உருவத்துக்கும் நடுவில் உளி புகுந்து வெளியே வந்திருக்கிறது. அடியில் இருக்கிற கிழவியின் தோளில் வேறொருத்தியின் பாதம் பதிந்த இடத்தில் தோல் சற்று அமுங்கியிருக்கிறதைக்கூடச் செதுக்கியிருக்கிறார் அந்தச் சிற்பி. அதைக் கையால் தடவிப் பார்த்தேன், பிசிறே இல்லை. ஆயிரம் வருஷப் பழமை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இந்தப் பாணி 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான் எழும்பியது. பழசாக இல்லாததால் அதன் பெறுமதி குறைந்துவிடாது. விலை 85,000. சின்ன உருவங்கள் 18,000இல் இருந்து. இன்னொரு விஷயம்: இந்த மரம் சேர்ந்த பேரினம் முழுவதும் 2017 முதல் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. கடதாசி இருக்கிறதா என்று கேட்டேன், லாச்சியில் இருந்து எடுத்துக் காட்டினார். யானைத் தந்தம் ஒன்றும் கடையில் இல்லை.

துணிப் பகுதிக்கு என்னைவிட என்னோடு வந்த சிநேகிதிதான் சரியான ஆள். மருதமுனைத் தறிக் குடும்பம். கானாவின் கென்டே என்று தொங்கினதை எடுத்து உள்ளும் புறமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது அச்சடிச்சது, நெஞ்சது இல்ல" என்றாள். உண்மையான கென்டே நாலு விரற்கடை, அதிகம் போனால் ஐந்து விரற்கடை அகலப் பட்டியாக நெய்து, அந்தப் பட்டிகளை ஓரத்தோடு ஓரம் தைத்துச் சேர்ப்பது. குமாசிக்குப் பக்கத்தில் பொன்வீரே என்ற ஊர் அதற்குப் பேர்போனது. தையல் கோடு இல்லாவிட்டால் அது அச்சுத் துணி. கடையின் அட்டையும் "அச்சு" என்றுதான் எழுதியிருந்தது, 3,500 ரூபாவுக்கு மேசைவிரிப்புக்கு நல்லது. நெய்த பட்டி ஒன்று தனியாக இருந்தது. அவள் அதை விரித்து, சாயம் மாறுகிற இடத்தில் ஊடு நூல் எப்படி அடர்ந்து பாவு நூலை மறைக்கிறது என்று கண்ணாலேயே கணக்குப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் இருந்தாள். பிறகு அதையே வாங்கிக்கொண்டாள்.

பித்தளைத் தலை ஒன்றும் உண்டு, பெனின் அரசரின் தாய் ராணி இதியாவின் உருவம், 35,000. பெனின் என்றதும் பெனின் நாடு என்று நினைக்காதீர்கள், இது நைஜீரியாவுக்குள் இருக்கிற பெனின் நகரம். அங்கே இகுன் தெருவில் வார்ப்புக்காரர் குடும்பங்கள் இன்னும் மெழுகு அச்சு வைத்து வார்க்கின்றன. 1897இல் பிரிட்டிஷ் படை அந்த அரண்மனைக்குள் புகுந்து ஆயிரக்கணக்கான வார்ப்புகளை அள்ளிக்கொண்டு போனது. 2022இல் ஜெர்மனி அவற்றில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுக்கத் தொடங்கியது. 2023 டிசம்பரில் நெதர்லாந்து எங்கள் நாட்டுக்கு கண்டியில் இருந்து ஒல்லாந்தர் எடுத்துப்போன லெவ்கே பீரங்கியையும் இன்னும் ஐந்து பொருட்களையும் திருப்பித் தந்தபோது நான் வகுப்பில் பிள்ளைகளுக்கு இந்த இரண்டு கதையையும் சேர்த்துத்தான் சொன்னேன். இந்தத் தலை நகல்தான். வார்ப்பு சற்றுத் தடிப்பு, காதுக்குப் பின்னால் அராவின தடம் தெரிகிறது. இந்த விலைக்கு நான் வாங்க மாட்டேன்.

மணி வளையல், மாசாய் கழுத்துப் பட்டி எல்லாம் வாசலில் இருக்கின்றன. 1,200இல் இருந்து. பிள்ளைகளுக்கு வாங்கலாம், அவ்வளவுதான்.

நான் வாங்கியது ஓர் அக்குவாபா, 6,500 ரூபா. கானாவின் அசாந்தே மக்களுடைய பாவை. தட்டுப்போல வட்டமான பெரிய தலை, அதன் கீழ்ப்பாதியில் சின்னதாகக் கண்ணும் மூக்கும், மடிப்புக் கழுத்து, இருபுறமும் நீட்டின குட்டைக் கைகள், கால் இல்லை. பிள்ளை வேண்டி நிற்கிற பெண் இதைப் பூசாரியிடம் கொடுத்து வேண்டிக்கொண்டு, முதுகுப்புறம் சுற்றிய துணிக்குள் செருகி, பெற்ற பிள்ளையைப் போலவே சுமந்து திரிவாள். அக்குவா என்று ஒருத்தி ஊரார் கேலி செய்தும் விடாமல் சுமந்து, கடைசியில் பெண் பிள்ளை பெற்றாள் என்பது கதை. பாவை பெரும்பாலும் பெண்ணாகவே இருப்பதற்கு ஒரு காரணம், அசாந்தே மக்களிடம் குலம் தாய் வழியாக வருவது. பெண் பிறந்தால்தான் குலம் நிற்கும். மட்டக்களப்பாருக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை, எங்கள் குடியும் தாய் வழிதானே. "எந்தக் குடி?" என்று கேட்டால் அம்மாவின் குடியைத்தானே சொல்கிறோம். வீட்டில் அம்மா இதைக் கையில் எடுத்து, கதையை இரண்டு முறை கேட்டுவிட்டு, பிள்ளைக்குப் பேர் என்ன வைத்தாள் என்று விசாரித்தார். அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை.

பாவை மெல்லிய மரம்தான், முதுகில் சின்ன வெடிப்பு ஒன்று இருக்கிறது. வெடிப்புக்கு 500 ரூபா குறைத்தார். அதற்கு மேல் விலை பேச முடியாது, அவரும் உறுதியான ஆள்.

கடற்காற்று இந்தப் பின்னறைக்குள் நேரே அடிக்கிறது, அது மரத்துக்குக் கூடாது. சில பொருட்களில் உளுத்தூள் கொட்டியிருந்தது. வாங்கும் முன் வெள்ளைத் தாளின் மேல் வைத்து இரண்டு தட்டுத் தட்டிப் பாருங்கள், மாப்போல விழுந்தால் வேண்டாம். வெளிச்சமும் போதாது, ஃபோன் டோர்ச்சோடு போங்கள். கேட்டுவிட்டுப் படம் எடுக்கலாம். காட் எடுக்க மாட்டார்கள், காசுதான், பணம் எடுப்பதென்றால் பொத்துவில் டவுனிலேயே எடுத்துக்கொண்டு போங்கள். வெள்ளிக்கிழமை ஜும்மா முடியும் வரை பூட்டு. மாரி தொடங்கி ஆட்கள் குறைந்தால் பின்னறையை மூடிவிடுவார், மறுபடி திறப்பது சித்திரைக்குப் பிறகு. சுற்றித் தருவது பத்திரிகைத் தாளில்தான். சி வாராபோலக் கொம்புள்ளது எதையாவது வாங்குகிறதாக இருந்தால் பழைய சாரம் ஒன்றும் அட்டைப்பெட்டியும் கையோடு கொண்டுபோங்கள், அக்கரைப்பற்று பஸ்ஸில் இருக்கை கிடைக்கும் என்று நம்ப முடியாது.